ஒருவரும் விளையாடாத திடல்

என் மகளின் விளையாட்டு ஷூவிலிருந்து நான் முதன்முதலாகக் கழுவியது மண் அல்ல, யாரோ ஒருவரின் வாந்தி. மஞ்சளாக, பாதி மென்ற சுண்டலோடு, ஷூவின் அடியிலிருந்த பற்களுக்குள் புகுந்து காய்ந்திருந்தது. பழைய பல்துலக்கி ஒன்றால் மூச்சை அடக்கிக்கொண்டு குத்திக் குத்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டது தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னொரு ஷூவுலயும் இருக்கும்மா" என்றாள், வீட்டுப்பாடம் மிச்சம் இருக்கிறது என்று சொல்வது போல.

அப்போது அவளுக்கு எட்டு வயது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் திடலில் சேருவார்கள். கல்லூரி அணிக்கு ஆடிய எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கறம்பக்குடியில் மருந்துக்கடை வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கியதும் நேராகத் திடலுக்கு வந்து அவர்களைப் பழக்குவாள். காசு வாங்குவதில்லை. பிள்ளைகள் அவளை அக்கா என்பார்கள். நானும் என்னைவிட ஐந்து வயது சிறியவளான அவளை மரியாதையோடுதான் கூப்பிட்டேன். என் மகள் வீட்டில் யார் சொல்லியும் கேட்காதவள், அவள் விசில் ஊதினால் மட்டும் நிற்பாள்.

திடல் ஊரின் கிழக்கு ஓரத்தில், தார்ச்சாலையை ஒட்டி இருந்தது. பழைய மிஷன் காலத்துச் சாமியார் ஒருவர் பந்து வாங்கிக் கொடுத்து ஆரம்பித்து வைத்தது என்பார்கள். எனக்குத் தெரியாது, நான் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து அது திடலாகத்தான் இருந்தது. இரும்புக் குழாயில் இரண்டு கோல் போஸ்ட். கட்டுமாவடியில் மீன்காரர்கள் கழித்துப்போட்ட வலையை வாங்கிவந்து கட்டியிருந்தார்கள். கட்டிய புதிதில் ஒரு மாதத்துக்குப் பூனைகள் வலையடியிலேயே கிடந்தன. ஆனால் பதிவேட்டில் அது விளையாட்டுத் திடல் இல்லை. என்றோ நெல்லடித்த களம், அரசுப் புறம்போக்கு. அதை மாற்றி எழுத வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்?

வடக்குப் போஸ்ட்டுக்குப் பின்னால், சாலையோரத்தில் ஒயின்ஷாப். அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்ட பார். பாரில் கக்கூஸ் கிடையாது. குடித்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு நேரே எதிரில் இருந்தது வடக்குப் போஸ்ட். நட்டு நிறுத்திய எதைப் பார்த்தாலும் அதன்மேல் பெய்ய வேண்டும் என்று நாய்க்குத் தோன்றும், இவர்களுக்கும் தோன்றியது. அந்தக் குழாயின் அடியில் துரு மஞ்சளாகப் பொரிந்து கிடந்தது. என் மகள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"போஸ்ட் நாறுதும்மா" என்பாள். "கையை வச்சுட்டுக் கையை மோந்தா அதுவும் நாறுது."

ஒரு சனிக்கிழமை, ஒரு ஆள் கைலி அவிழ்ந்தது தெரியாமல் கோலுக்கு முன்னாலேயே படுத்துக் கிடந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி விளையாடினார்கள். அவரை ஒரு கல்தூணாக நினைத்துக்கொண்டு அவர்மேல் படாமல் பந்தை வளைத்து அடித்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அசிங்கம் அவர்களுக்குப் பழகிவிட்டது.

என் கணவரை விட்டுவிட்டுப் பேசினால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் அணியில் பின்னால் நின்று ஆடுவார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாகத் தகரக் கொட்டகைக்குள் போகும். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை வாங்கித் தருவது பார் எடுத்து நடத்துபவர். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குடிக்கப் போனார்கள், குடிக்க வந்தவர்கள் ஆட்டம் பார்த்தார்கள். எங்கே திடல் முடிந்து எங்கே பார் ஆரம்பிக்கிறது என்று என் கணவரைக் கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இரவு அவர் வாயைத் திறந்து தூங்கும்போது நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடையை அங்கிருந்து மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னது நான்தான். குழுத் தலைவியின் கடைசிப் பெண்ணும் என் மகளோடு ஆடுகிறாள். நாற்பதைத் தாண்டிய அந்த அக்கா பேச ஆரம்பித்தால் மைக் வேண்டாம்.

"எழுதுத்தா" என்றார் உடனே. "ஒன் கையெழுத்துக்குத்தான் கலெக்டராபீஸ்ல மருவாதி. முதியோர் பணமெல்லாம் ஒன் எழுத்துலதான வந்துச்சு."

அது உண்மை. எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்பதால் ஊர் மனுக்களெல்லாம் என்னிடம்தான் வரும். எங்கள் பக்கத்தில் மனு எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால் அது மனுவே இல்லை. குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் நாற்பது நாள் என்று எழுத வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் இருட்டில் பாம்பு கடித்ததாக எழுத வேண்டும். செத்ததாக எழுதக் கூடாது, பெயர் கேட்பார்கள். படிக்கிற அதிகாரியும் பத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார் என்று எல்லாரும் நம்பினார்கள். பத்தாக எழுதினால்தான் அந்த ஒன்றாவது கிடைக்கும். அப்படி எழுதித்தான் எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை வந்தது.

நான் எழுதிய முதல் வரைவில், குடிகாரர்களால் பிள்ளைகள் விளையாட முடியாமல் சிரமப்படுகிறார்கள் என்றுதான் இருந்தது. அக்கா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிரமம்னா என்னத்தா? சிரமப்பட்டாலும் வெளையாடுதுகளேன்னு விட்டுருவாக. கொஞ்சம் சேத்து எழுது. ஒரு புள்ள அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்குறதில்லன்னு எழுது."

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இப்படி எழுதினேன்: ‘கடந்த மூன்று ஆண்டுகளாக மேற்படி இடத்தில் ஒருவர்கூட விளையாடுவதில்லை. குடிகாரர்களும் விஷ ஜந்துக்களும் அடைந்து, பொதுமக்கள் எவருக்கும் பயனின்றிப் பாழடைந்து கிடக்கிறது.’

எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். என் கணவரிடம் படித்துக் காட்டி, "இது பொய்தானங்க?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம நாங்க பதினோரு பேரு அப்ப பேயாடி? கவர்மெண்டுக்கு எழுதுறதுல பொய் இல்லாட்டித்தான் அவுகளே நம்பமாட்டாக. குடுத்துப் பாரு. கடையெல்லாம் எங்கிட்டும் போகாது."

அவர் அப்படிச் சிரித்ததால்தான் அதை எழுதியபடியே விட்டேனோ என்று பின்னால் நினைத்திருக்கிறேன். பழியை அவர்மேல் போட நான் கண்டுபிடித்த வழியாகவும் அது இருக்கலாம்.

திங்கட்கிழமை மனுநாளுக்குப் பதினெட்டுப் பெண்கள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். வாசலில் பெண் போலீஸ் எங்கள் பைகளைப் பிரித்து, தண்ணீர் பாட்டில்களை மோந்து பார்த்து, மண்ணெண்ணெய் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே விட்டார். மனுவில் முத்திரை விழுந்தது. ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கல்யாணமாகி வந்தபிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் ஊர் திரும்பியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை குழுத் தலைவி அக்காவுக்குப் போன் வந்தது. நாளைக்குப் பதினோரு மணிக்கு இடத்தைப் பார்க்க வருகிறார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமல் அவர் என் வாசலில் நின்றார்.

"வலை கட்டியிருக்குல்லடி! கோட்டுக்கு வேற அந்தக் கோச்சுப் புள்ள முந்தாநாளுதான் சுண்ணாம்பு போட்டுருக்கு. வெளையாடலன்னு எழுதிப்புட்டு, கோடு பளிச்சுன்னு கெடந்தா என்னாத்துக்கு ஆகும்?"

ஆறேழு பெண்கள் போனோம். வலையை அவிழ்த்துச் சுருட்டி அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டோம். சுண்ணாம்புக் கோடுகளைத் தென்னை விளக்குமாற்றால் பெருக்கி அழித்தோம். நடுவட்டத்தை அழித்தது நான். குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, வாசல் தெளிக்கப் பெருக்குவது போல ஒழுங்காகப் பெருக்கினேன். எந்த வேலையைக் கொடுத்தாலும் நன்றாகச் செய்யும்படிதான் என்னை வளர்த்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "பாட்டில் பத்தாது" என்று ஒருத்தி சொன்னாள். பார்க்காரர் முதல்நாளே சேதி தெரிந்து கொட்டகையைச் சுற்றிக் கூட்டி அள்ளியிருந்தார். அள்ளியதைப் பின்பக்கம் பள்ளத்தில் கொட்டியிருந்தார். நாங்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கினோம். காலிப் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், எலும்பு ஒட்டிய காகிதத் தட்டு. எல்லாவற்றின்மேலும் ஈ. டம்ளர்களுக்குள் ஏதோ ஊறி நெளிந்தது. சிமெண்ட் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து திடல் முழுக்க இறைத்தோம். ஒருத்தி கோலம் வைப்பது போலத் தள்ளி நின்று பார்த்து, "அங்கிட்டு கொஞ்சம் போடு, வெத்தா இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். கையைச் சோப்புப் போட்டு நான்கு தடவை கழுவியும் அன்று முழுக்க விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. இடது கையால் பிள்ளைக்குச் சோறு பிசைந்தேன்.

பதினோரு மணிக்கு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பள்ளிக்கூட நேரம், திடலில் ஒரு குஞ்சு இல்லை. அக்கா இளநீர் வெட்டி வைத்திருந்தார். அவர்களில் பெரியவராக இருந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"இங்க யாருமே விளையாடுறதில்லையா?"

"இல்லைங்க சார்!" என்றோம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல.

"அப்ப அந்தப் போஸ்ட்டு?"

அக்கா கண்ணிமைக்காமல் சொன்னார்: "அது பழசுங்க சார். ஆடு கட்டுவோம்." அதற்கு ஏற்றபடி அவருடைய வெள்ளாடு தெற்குப் போஸ்ட்டில் கட்டிக் கிடந்தது. எப்போது கட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சர்வேயர் சங்கிலி இழுத்தார். பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். கடைக்கும் திடலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள் என நினைத்தேன். திடலின் நான்கு ஓரங்களையும் அளந்தார்கள். கடைப்பக்கம் சங்கிலி போகவே இல்லை. அது ஏனென்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு, "நீங்கதான் எழுதுனீங்களா? கையெழுத்து அச்சு மாதிரி இருக்கேம்மா" என்றார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதை எழுதும்போது அந்த முகத்தை நினைத்தால் எனக்கே துப்ப வருகிறது.

அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பயிற்சிக்காரப் பெண், பாட்டில்கள் நடுவில் நின்றுகொண்டு, "வலை எங்க?" என்றாள். சொன்னோம். அழிந்த கோட்டைக் காலால் தடவிப் பார்த்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லக்கா" என்றாள் என்னிடம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முதலில் பாட்டில் பொறுக்க வைத்தாள். நாங்கள் காலையில் இறைத்ததை எங்கள் பிள்ளைகளே மாலையில் பொறுக்கினார்கள்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள், எனக்கும் தபாலில் ஒரு நகல் வந்தது. மதுக்கடை விதிப்படி உரிய தூரத்தில்தான் இருக்கிறது என்பதால் அதை மாற்ற வேண்டியதில்லை. மேற்படி களத்துப் புறம்போக்கைப் பொறுத்தவரை, ‘பொதுமக்களே மனுவில் தெரிவித்துள்ளபடியும் கள ஆய்வில் உறுதியானபடியும்’ ஒருவர்கூட விளையாடாமல் பயனின்றிக் கிடப்பதால், கொள்முதல் நெல் மூட்டைகளை அடுக்கும் திறந்தவெளிக் கிடங்கு அமைக்க ஒதுக்கப்படுகிறது. ஒருவர்கூட, பயனின்றி என்ற என் வார்த்தைகளே அதில் இருந்தன. பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தோம். பத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

என் கணவர் இரண்டு தடவை படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "நாசமாப் போச்சு" என்றார். "ஞாயித்துக்கெழம ஆட்டம்?"

மகளைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வாரம் பாரில் பெரிய விவாதமாம். அவரே வந்து சொன்னார். திடல் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போகும், கூட்டம் போனால் பார் என்ன ஆகும் என்று பார்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். திடல் போகிறதே என்பதைவிட அந்த ஆளின் பிழைப்பு போகிறதே என்று இவர்கள் கவலைப்பட்டார்கள். ஒருவர் கண்கலங்கினாராம். குடித்தவர் கண்ணில் வருவதெல்லாம் கண்ணீர் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் பார்க்காரர் நீண்ட நாள் கவலைப்படவில்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"என்ன தங்கச்சி, ஒங்க மனுவுல நம்ம பொழப்புக்கு ஒரு வழி பொறந்துருச்சு" என்றார். "நானும் மொதல்ல பயந்துட்டேன். அப்பறந்தான் யோசிச்சேன். கெடங்கு வந்தா லாரி வரும், லோடுமேனு வருவான். ஞாயித்துக்கெழமைக்கு மட்டுமா, தெனமும் வருவான்! இன்னொரு கொட்டாய் போடச் சொல்லிட்டேன். பாப்பா டீமுக்கு ஜெர்சி வேணும்னா சொல்லுங்க, அண்ணன் எடுத்துத் தாரேன்."

கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முன்பு எழுதியது பொய், இங்கே தினமும் விளையாடுகிறார்கள் என்று இன்னொரு மனு கொடுக்க வேண்டும். கையெழுத்துக்கு அக்காவிடம் போனேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார். "பொய்யின்னு நம்மளே எழுதிக் குடுத்தா, அப்ப முதியோர் பணத்துக்கு எழுதுனது? வீடு கேட்டு எழுதுனது? எல்லாத்தையும் தோண்ட மாட்டானா? நீ படிச்சவ, தப்பிச்சுக்குவ. ரேகை வச்சவ எல்லாம் எங்கிட்டுப் போவா?"

"ஒங்க பொண்ணும் ஆடுதுல்லக்கா."

"ஆடுச்சு. அதுக்கென்ன, அடுத்த வருசம் வயசுக்கு வந்துரும். அதுக்கப்பறம் ஆடவா விடப்போறேன்?"

வெள்ளாட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே சொன்னார். வேறு எந்த வீட்டிலும் ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. சிலர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போனார்கள். அவர்கள்மேல் வந்த அருவருப்பை என்மேல் வந்ததிலிருந்து பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

தனியாகவே எழுதி, தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். இளநீர் குடித்துவிட்டுப் போன அதே அதிகாரி. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அப்ப எங்கள வரவச்சுப் பொய் சொன்னீங்களா?"

"ஆமாங்க சார்."

"பொய்யா மனுக் குடுத்தேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றீங்க. நாளைக்கு யாராவது கேஸ் போடுன்னா நான் போடணும். பொம்பளப்புள்ள வச்சிருக்கீங்க. வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

மிரட்டினாரா, நல்லதுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஸ்டேஷன், கோர்ட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வது, மாமியாரின் முகம் எல்லாம் வரிசையாக வந்தன. கையை நீட்டினேன். அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக அது முடிந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், அவருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பாட்டில்களையும் ஒரு ஆட்டையும் பார்த்துவிட்டு ‘கள ஆய்வில் உறுதியானது’ என்று எழுதியவர் அவர்தானே.

இதற்குள் திடலின் தெற்குப் பாதியில் கல் ஊன்றிவிட்டார்கள். பிள்ளைகள் வடக்குப் பாதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தலைவாரிவிடும்போது என் மகள் கேட்டாள்.

"இங்க யாரும் வெளையாடலன்னு யாரும்மா சொன்னா?"

யாரோ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "நான்தான் எழுதுனேன்" என்றேன். கடை போக வேண்டும் என்று எழுதினேன், கொஞ்சம் சேர்த்து எழுதினேன் என்றெல்லாம் விளக்கினேன். அவளுக்கு எட்டு வயது. எட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்ல முடியவில்லை. வேறு எந்த வயதுக்காவது புரியுமா என்றும் தெரியவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நான் போஸ்ட்டுல நின்னேன்லம்மா. நீதான் வந்து பாப்பியே."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன். அவளே ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அன்றே திரும்பப் போனேன். அதிகாரி இல்லை. தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை வாங்கி, ரசீது வாங்கினேன். மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள் என்று மனுவில் எழுதியிருந்தேன். வீட்டில் சொன்னேன். என் கணவர் "எம்பேரையும் போட்டுருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்று வாரங்கள், ஆட்ட நாட்களில் ஐந்து மணிக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு திடலில் நின்றேன். ஜீப் வரவில்லை. கிராவல் லாரிகள் வந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கேஸ் கட்டர் கொண்டுவந்து இரண்டு போஸ்ட்டையும் அடியோடு அறுத்தார்கள். வடக்குப் போஸ்ட் சூடேறியதும் அதில் ஊறியிருந்ததெல்லாம் புகையாக எழும்பியது. அறுத்தவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பயிற்சிக்காரப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்துக்குப் போனாள். அங்கே கொஞ்சம் ஓங்கி அடித்தால் பந்து கிணற்றில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் கணவர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இப்போதும் கிளம்புகிறார். ஆட இடமில்லை. பதினோரு பேரும் ஜெர்சியோடு புதுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து, பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார்கள். முன்பு அந்தச் சாராய வாடையில் வியர்வை நாற்றமாவது கலந்திருக்கும்.

போன மாதம் போனில் எனக்குச் செய்தி வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. காரணம்: கள ஆய்வில் மேற்படி இடத்தில் விளையாட்டுத் திடல் எதுவும் காணப்படவில்லை. யாரோ ஒரு நாள் வந்து பார்த்திருக்கிறார்கள். கிராவல் மேட்டையும் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகளையும் பார்த்து, கண்டதை எழுதியிருக்கிறார்கள்.

மகளிடம் மறைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிராகரிக்கப்பட்டது என்ற சொல்லில் இரண்டு இடத்தில் நின்றாள்.

"திரும்ப எழுதுவியா?"

"எழுதுவேன். வேற எடம் கேட்டு."

"இப்பவே எழுது."

பேப்பர் எடுத்துவந்தேன். அவள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெறுநர் எழுதினேன். பொருள் எழுதினேன். எங்கள் ஊரில் கால்பந்து ஆடும் இருபத்தைந்து பெண் குழந்தைகளுக்கு என்று பேனா தன்பாட்டுக்கு ஓடியது. அவள் விரலை அந்த எண்ணின்மேல் வைத்தாள்.

"இருவத்தஞ்சு யாரும்மா?"

அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அக்காவின் மகள் நின்றுவிட்டாள். கிணறு இருக்கிறது என்று இரண்டு வீட்டில் அனுப்புவதில்லை. இன்னும் இரண்டு பேர் சும்மாவே நின்றுவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி, ஒரு தடவை தப்பாகி, முதலிலிருந்து எண்ணினாள்.

"ஒம்பது" என்றாள். "ஒம்பதுன்னே எழுதும்மா."

அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன்.